ஒரே விளையாட்டு, நாட்டுக்கு ஒரு விலை: ரூபாய்ச் சலுகை எத்தனை நாள்?

புது தில்லி: "சைபர்பங்க் 2077" என்ற விடியோ கேம் 2020 டிசம்பரில் வெளிவந்தபோது, அமெரிக்காவில் அதன் விலை 59.99 டாலர். அதே நாளில், அதே இணையக் கடையில், இந்தியாவில் இருந்து வாங்கியவர் செலுத்தியது 2,999 ரூபாய். அன்றைய மாற்று மதிப்பில் அமெரிக்கர் கொடுத்த தொகை ஏறத்தாழ 4,400 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு குறைவாக, இந்தியருக்கு அந்த விளையாட்டு கிடைத்தது. 2023-இல் வெளிவந்த "பால்டர்ஸ் கேட் 3" விளையாட்டுக்கும் இதே இரு விலைகள்தான்.

இந்தச் சலுகையை எந்த அரசும் பேசிப் பெற்றுத் தரவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் அது எழுதப்படவில்லை. விற்கும் நிறுவனம் தனது லாபத்தைக் கணக்கிட்டு வைத்த விலை அது. வைத்த கையாலேயே எடுத்துவிடவும் முடியும். துருக்கியிலும் ஆர்ஜென்டீனாவிலும் 2023 நவம்பரில் நடந்தது அதுதான்.

பொழுதுபோக்குக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். ஆனால், மென்பொருள், திரைப்படச் சந்தா, பாடநூல், மருந்து என இந்தியர்கள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் வாங்கும் பல பொருள்களின் விலை இதே முறையில்தான் தீர்மானமாகிறது. விடியோ கேமில் அது ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. அவ்வளவே வேறுபாடு.

கூலிக் கணக்கு: 2020-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் தனது பிளேஸ்டேஷன் 5 கருவிக்கான முதன்மை விளையாட்டுகளுக்கு இந்தியாவில் 4,999 ரூபாய் விலை வைத்தது. அமெரிக்க விலை 69.99 டாலர். அதாவது, இங்கே சலுகை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. தில்லி அரசு 2025 ஏப்ரல் முதல் அறிவித்த, பயிற்சியற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்ச மாத ஊதியம் 18,456 ரூபாய். 26 வேலை நாள்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 710 ரூபாய். அப்படியானால் அந்த விளையாட்டின் விலை ஏழு நாள் கூலி. அமெரிக்காவில் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அங்கே பத்து மணி நேரம் உழைத்தால் அதே விளையாட்டை வாங்கிவிடலாம்.

மாற்று மதிப்பில் சமமான விலை, உழைப்பின் மதிப்பில் சமமான விலை அல்ல என்பதை விற்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்ததால்தான் பெரும்பாலான கணினி விளையாட்டு நிறுவனங்கள் நாட்டுக்கு ஒரு விலை என்ற முறைக்கு வந்தன. அவற்றை அந்த முடிவுக்குத் தள்ளியது இரக்கம் அல்ல, திருட்டுப் பிரதி.

பாலிகா பஜார் பாடம்: தில்லி கன்னாட் பிளேஸின் தரைக்கு அடியில் இருக்கும் பாலிகா பஜாரும், தென் தில்லியின் நேரு பிளேஸும் நீண்ட காலம் இந்தியாவின் விடியோ கேம் தலைநகரங்களாக விளங்கின. சென்னை ரிச்சி தெருவை அறிந்தவர்களுக்கு அந்தச் சூழலை விளக்கத் தேவையில்லை. அசல் குறுந்தகடும் நகலும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் கிடைத்தன. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் "பெயர் கெட்ட சந்தைகள்" பட்டியலில் இவ்விரு இடங்களும் இடம்பெற்றதுண்டு.

இணையக் கடைகள் வந்த பிறகும் உடனே நிலைமை மாறிவிடவில்லை. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய "ஸ்டீம்", இன்று கணினி விளையாட்டுகளின் மிகப் பெரிய இணையக் கடை. 2015 நவம்பர் வரை இந்தியர்களுக்கும் அதில் டாலர் விலைதான். சர்வதேசப் பரிவர்த்தனைக்கு அனுமதி உள்ள கடன் அட்டை வேண்டும். கல்லூரி மாணவர் எத்தனை பேரிடம் அது இருந்திருக்கும்? விரும்பினாலும் நேர்மையாக வாங்க வழியில்லாத நிலையில் நகல் செழித்தது.

திருட்டுப் பிரதி என்பது பெரும்பாலும் விலைச் சிக்கல் அல்ல, சேவைச் சிக்கலே என்று வால்வ் நிறுவனர்களில் ஒருவரான கேப் நியூவெல் 2011-இல் கூறினார். திருட்டுப் பிரதிக்குப் பேர்போன ரஷியாவையே அவர் சான்றாகக் காட்டினார். அவர் சொன்னது பாதி உண்மை. 2015-இல் ரூபாய் விலையும், உள்நாட்டு வங்கிகள் வழியே பணம் செலுத்தும் வசதியும், பின்னர் யுபிஐயும் வந்தபோது சேவைச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் விலை டாலருக்கு நிகராகவே இருந்திருந்தால் யுபிஐ வந்து என்ன பயன்? பாலிகா பஜாரில் வரிசை குறைந்ததற்கு இரண்டும் சேர்ந்தே காரணம்.

விலையை வைப்பது யார்?: ஸ்டீமில் விலையை வால்வ் நேரடியாக நிர்ணயிப்பதில்லை. அமெரிக்க விலை இவ்வளவு என்றால் ரூபாயில் இவ்வளவு வைக்கலாம் என்று ஒரு பரிந்துரைப் பட்டியலை அது தருகிறது. விளையாட்டைத் தயாரித்தவரோ வெளியிடுபவரோ அதை ஏற்கலாம், தள்ளலாம். தனி ஒருவர் உருவாக்கிய "ஸ்டார்டியூ வேலி" அமெரிக்காவில் 14.99 டாலர், இந்தியாவில் 480 ரூபாய் அளவில் விற்றது. பெருநிறுவனங்கள் சில அந்தத் தாராளத்தைக் காட்டுவதில்லை. சிறிய தயாரிப்பாளர்கள் பட்டியலை அப்படியே பின்பற்ற, பெரியவர்கள் தங்கள் விருப்பம்போல உயர்த்திக்கொள்வது வாடிக்கை.

இந்திய வாங்குநர் தரும் ரூபாயில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2,999 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. அது ஏறத்தாழ 457 ரூபாய். எஞ்சிய 2,542 ரூபாயில் கடையின் வழக்கமான பங்கு 30 சதவீதம். சுமார் 762 ரூபாய். (மிக அதிகமாக விற்கும் விளையாட்டுகளுக்கு இந்தப் பங்கு 25, 20 சதவீதம் என 2018 முதல் குறைகிறது.) தயாரிப்பாளருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,780 ரூபாய்.

டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைக் கடந்தது. 2015-இல் ரூபாய் விலை அறிமுகமானபோது அது 66 ரூபாய் அளவில் இருந்தது. அந்த 1,780 ரூபாயை 90 ரூபாய்க் கணக்கில் மாற்றினால் 20 டாலர் கூடத் தேறாது. ரூபாய் சரியச் சரிய, மாற்றாமல் விட்ட விலை டாலரில் தானாகக் குறைந்துகொண்டே போகிறது. வெளிநாட்டுத் தயாரிப்பாளரின் கண் முதலில் விழுவது இந்த இடத்தில்தான்.

துருக்கி தந்த எச்சரிக்கை: 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 7 லிரா அளவில் இருந்த துருக்கி நாணயம், 2023 நவம்பரில் 28 லிராவாகச் சரிந்தது. ஆர்ஜென்டீனாவின் பெசோவுக்கு அதைவிட மோசமான கதி. ஸ்டீமில் அவ்விரு நாடுகளின் விலை உலகிலேயே மிகக் குறைவானதாயிற்று. உடனே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தவர்கள், தாங்கள் இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் தொழில்நுட்பத்தைக் கொண்டு, துருக்கியர்களாகவும் ஆர்ஜென்டீனர்களாகவும் வேடம் போட்டு வாங்கத் தொடங்கினர்.

வால்வ் முதலில் பூட்டை இறுக்கியது. கணக்கின் நாட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம் என்று 2021-இல் விதி வந்தது. வாங்கும் நாட்டில் வழங்கப்பட்ட அட்டையால்தான் பணம் செலுத்தவேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. 2022 அக்டோபரில் பரிந்துரைப் பட்டியல் திருத்தப்பட்டது. 59.99 டாலர் விளையாட்டுக்கு அவ்விரு நாடுகளிலும் பரிந்துரை விலை ஐந்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. இந்தியாவுக்கான பரிந்துரையும் அப்போது உயர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அதுவும் போதவில்லை. 2023 நவம்பர் 20 முதல் லிராவும் பெசோவும் ஸ்டீமிலிருந்து நீக்கப்பட்டன. இரு நாடுகளும் டாலர் விலைக்கு மாற்றப்பட்டன. சுற்றியுள்ள நாடுகளோடு சேர்த்துக் குறைந்த டாலர் விலை வைக்கலாம் என்று தயாரிப்பாளர்களுக்குச் சொல்லப்பட்டது. பலர் அவ்வாறு செய்தனர், பலர் செய்யவில்லை. ஒரே இரவில் பல விளையாட்டுகளின் விலை பல மடங்கு ஏறியது. நாணய மதிப்பின் ஏற்ற இறக்கமே காரணம் என்று நிறுவனம் விளக்கியது. வேடம் போட்டு வாங்கிய வெளிநாட்டவருக்கு இழப்பு ஏதுமில்லை; அவர்கள் தம் நாட்டு விலைக்குத் திரும்பினார்கள். இஸ்தான்புல் மாணவருக்குத் திரும்ப வேறு நாடு இல்லை.

இந்தியாவின் நிலை அந்த அளவுக்குச் செல்லவில்லை. ரூபாயின் சரிவு லிராவின் சரிவுபோல் தலைகுப்புற விழுந்ததன்று. சந்தையும் பெரிது. ஆனால் அமைப்பு ஒன்றே. குறைந்த விலை நிலைக்க வேண்டுமானால் அது எல்லை தாண்டிக் கசியக் கூடாது. வாங்குநருக்குத் தளையாகத் தோன்றும் நாட்டுப் பூட்டுதான், உண்மையில் அவருடைய குறைந்த விலைக்குக் காவல்.

பாடநூல் வழக்கு: இது தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் பழகிய விஷயம். இந்தியா, நேபாளம், வங்கதேசம் போன்ற நாடுகளில் மட்டும் விற்பனைக்கு என்று அட்டையில் அச்சிடப்பட்ட மலிவுப் பதிப்புகளைப் படிக்காத பொறியியல் பட்டதாரி நாட்டில் இருக்க முடியாது. அவற்றை இங்கே வாங்கி இணையம் வழியே மேலை நாடுகளுக்கு விற்றவர்கள்மீது ஜான் வைலி உள்ளிட்ட வெளியீட்டாளர்கள் வழக்குத் தொடர்ந்தனர். அந்த ஏற்றுமதிக்கு 2010 மே மாதம் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இதே நிறுவனம் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு வேறு விதமாக முடிந்தது. தாய்லாந்தில் இருந்து மலிவுப் பதிப்புகளைத் தருவித்து அமெரிக்காவில் விற்ற மாணவருக்குச் சாதகமாக, 2013 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அச்சிட்டு விற்ற புத்தகத்தை வாங்கியவர் எங்கும் மறுபடி விற்கலாம் என்பது அதன் சாரம். வாங்குநரின் உரிமை வென்றது உண்மை. ஆனால் அந்த உரிமை முழுமையாக நடைமுறைக்கு வந்தால், ஏழை நாட்டு மாணவருக்கென்று தனி விலை வைக்க எந்தப் பதிப்பகம் துணியும்?

ஐரோப்பாவில் நடந்ததும் இந்த முடிச்சைத்தான் காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரே சந்தை என்பது அடிப்படைக் கோட்பாடு. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் மலிவாக வாங்கிய விளையாட்டை மேற்கு நாடுகளில் இயக்க முடியாதபடி பூட்டியதற்காக, வால்வ் நிறுவனத்துக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. வால்வின் பங்கு 16 லட்சம் யூரோவுக்குச் சற்று அதிகம். 2023 செப்டம்பரில் அதன் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பூட்டை நீக்கினால் வசதி குறைந்த நாடுகளில் வெளியீட்டாளர்கள் விலையை உயர்த்தக்கூடும் என்று அந்நிறுவனம் 2019-இலேயே கூறியிருந்தது. தன்னலம் கலந்த வாதம்தான். ஆனாலும் பொய் வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

தள்ளுபடித் திருவிழா: இந்திய வாங்குநர்களில் பலர் முழு விலைக்கு வாங்குவதே இல்லை. ஜூன் இறுதியில் கோடைத் தள்ளுபடி, டிசம்பர் இறுதியில் குளிர்காலத் தள்ளுபடி என்று காத்திருக்கிறார்கள். பழைய விளையாட்டுகள் 75 சதவீதம், சில வேளைகளில் 90 சதவீதம் வரை குறைகின்றன. தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களின் பொறுமை அது. "எபிக்" என்ற போட்டிக் கடை 2018 முதல் சில விளையாட்டுகளை இலவசமாகவே கொடுத்து வருகிறது. 2020 மே மாதம் "ஜிடிஏ 5" இலவசம் என்று அறிவித்தபோது கூட்டம் தாங்காமல் அந்தக் கடையே முடங்கியது.

நகல் எடுக்கச் செலவே இல்லாத பொருளுக்குத் தள்ளுபடி தருவதில் விற்பவருக்கு இழப்பு இல்லை. முதல் வாரத்தில் 2,999 ரூபாய் தருபவரிடம் அதை வாங்கிக்கொண்டு, இரண்டு ஆண்டு காத்திருப்பவரிடம் 750 ரூபாய் வாங்குவது வியாபாரத் தந்திரம். நாட்டுக்கு நாடு விலை வேறுபடுவது போல, பொறுமைக்குப் பொறுமை விலை வேறுபடுகிறது.

இதில் ஏமாற்றுக்கு இடமுண்டா? விலையை ஏற்றிவிட்டுக் குறைப்பதாகக் காட்டும் பழைய வித்தையை ஸ்டீம் தன் சொந்த விதியால் தடுக்கிறது. எந்த நாணயத்திலாவது விலையை உயர்த்தினால் அடுத்த 30 நாள்களுக்குத் தள்ளுபடி தர முடியாது. ஆனால் இது கடைக்காரர் தாமே போட்டுக்கொண்ட விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில், தள்ளுபடி அறிவிப்பவர் முந்தைய 30 நாள்களின் மிகக் குறைந்த விலையைக் காட்டவேண்டும் என்பது 2022 முதல் சட்டம். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் "டார்க் பேட்டர்ன்" எனப்படும் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது அவற்றில் ஒன்று. "இன்னும் 3 மணி நேரமே" என்று கடிகாரம் ஓடவிடுபவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் 30 நாள் கணக்கு எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. பிஸ்கட் பொட்டலத்தில் அச்சிடவேண்டிய அதிகபட்ச சில்லறை விலை, பதிவிறக்கம் செய்யும் விளையாட்டுக்குக் கிடையாது. எதிலிருந்து 75 சதவீதம் குறைந்தது என்பதைக் கடை சொல்வதுதான் கணக்கு.

விற்க முடியாத பொருள்: பாலிகா பஜாரில் அசல் குறுந்தகடு வாங்கியவருக்கு ஒரு வசதி இருந்தது. ஆடி முடித்ததும் அதே கடையில் திருப்பி விற்கலாம். கொஞ்சம் பணம் போட்டு வேறொன்றை மாற்றிக்கொள்ளலாம். 4,999 ரூபாய் விளையாட்டின் உண்மைச் செலவு அவருக்கு அதில் ஒரு பகுதிதான். பதிவிறக்கத்தில் அந்த வழி அடைபட்டது. பிரான்சில் இதை எதிர்த்து நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில், மறுவிற்பனைக்கு உரிமை உண்டு என்று பாரிஸ் நீதிமன்றம் 2019-இல் கூறியது. 2022-இல் மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது.

வாங்குவது பொருள் அல்ல, உரிமம் மட்டுமே என்பதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பணம் செலுத்தும் பக்கத்திலேயே ஸ்டீம் அதைத் தெரிவிக்கத் தொடங்கியது. பிரான்சின் யுபிசாஃப்ட் நிறுவனம் "தி குரூ" என்ற விளையாட்டை 2024 மார்ச் 31-ஆம் தேதி நிறுத்தியபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களும் அதை ஆட முடியாமல் போயிற்று. குறைந்த விலைக்கு வாங்கியதும் அதிக விலைக்கு வாங்கியதும் அன்று ஒன்றாயின.

தில்லியின் பார்வை: நாடாளுமன்றம் விளையாட்டைப் பற்றிப் பேசவில்லை என்று கூற முடியாது. 2025 ஆகஸ்டில் இணையவழி விளையாட்டுகள் ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் இரு அவைகளிலும் அடுத்தடுத்த நாள்களில் நிறைவேறியது. பணம் வைத்து ஆடுவதற்கு அது தடை விதித்தது. அதற்கு முன்பே தமிழ்நாடு சட்டப்பேரவை இதே நோக்கில் இருமுறை மசோதா நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது தமிழக வாசகர்கள் அறிந்த வரலாறு. சூதாட்டத்தைப் பற்றிய விவாதம் தேவையானதே. ஆனால் ஒருமுறை விலை கொடுத்து வாங்கி வீட்டில் ஆடும் விளையாட்டு அந்த விவாதத்தில் பின்னுக்குப் போய்விட்டது.

வரி விஷயத்தில் மட்டும் அரசு விழிப்பாகவே இருந்தது. வெளிநாட்டில் இருந்து இணையம் வழி விற்கும் சேவைகள் 2016 டிசம்பரில் சேவை வரிக்கும், 2017 ஜூலையில் ஜிஎஸ்டிக்கும் உட்பட்டன. வெளிநாட்டு மின்வணிக நிறுவனங்கள்மீது 2020 ஏப்ரலில் விதித்த 2 சதவீதச் சமன்படுத்தும் வரி பாரபட்சமானது என்று அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் 2021-இல் அறிக்கை தந்தது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு அதைக் கைவிட்டது. மின்னணுப் பரிமாற்றங்களுக்குச் சுங்க வரி இல்லை என்று உலக வர்த்தக அமைப்பில் 1998 முதல் தொடர்ந்து வந்த ஏற்பாட்டை இந்தியா எதிர்த்து வந்தபோதும், 2024 அபுதாபி மாநாட்டில் அது மீண்டும் நீட்டிக்கப்பட்டது.

விலையை அரசே நிர்ணயிக்க வேண்டும் என்று கேட்பது பலன் தராது. உயிர் காக்கும் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கலாம். 2012-இல் புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு இந்தியா வழங்கியும் காட்டியது. விளையாட்டுக்கு அப்படிச் செய்தால் விற்பவர் கடையைக் கட்டிக்கொண்டு போவார். பாலிகா பஜாரின் பழைய வியாபாரம் திரும்பும். அரசு கேட்கக்கூடியவை வேறு: ரூபாய் விலையை நீக்குவதற்கு முன் போதிய அவகாசம், தள்ளுபடிக்கு முந்தைய விலையின் சான்று, உரிமம் எப்போது முடியும் என்ற அறிவிப்பு.

இதற்குப் புதுச் சட்டம் கூடத் தேவையில்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், இந்தியாவில் நிறுவப்படாமல் இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். புகார் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை உறுதி செய்து, ஒரு மாதத்தில் தீர்வு காணவேண்டும். நியாயமற்ற லாபத்துக்காக விலையைத் திரிப்பதும், ஒரே வகையைச் சேர்ந்த நுகர்வோரிடையே பாகுபாடு காட்டுவதும் கூடாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. மதுரையில் இருப்பவருக்கும் மும்பையில் இருப்பவருக்கும் ஒரே விலை என்பதற்கு அதில் பிடிமானம் இருக்கிறது. இந்தியரும் அமெரிக்கரும் ஒரே வகை நுகர்வோரா என்ற கேள்விக்கு விதிகளில் பதில் இல்லை. அவர்கள் ஒரே வகை அல்லர் என்று இருக்கும் வரைதான் 2,999 ரூபாய் விலையும் இருக்கும்.